கடைக்குட்டியின் ப்ளக்

எங்கள் வீட்டில் கீழ்த்தளத்தில் நானும் அம்மாவும். மாடியில் என் தங்கையும் அவள் மகளும். தங்கை மருத்துவமனையில் நர்ஸ். வேலை முடிந்து வரும்போது அவள் படியேறும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு வார்டு எப்படி இருந்தது என்று அம்மா சொல்லிவிடுவாள். ஆனால் மூன்று வாரமாகப் படியில் சத்தமே இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள் போலிருக்கிறது. என்னோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தவள், என் காதில் விழுவதுகூட வேண்டாம் என்று நினைத்துவிட்டாள்.

தப்பு என் மேல்தான். அதை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய பெரிய தரவுத்தளங்கள் பல கணினிகளில் பரவி இருப்பதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள் நான். "பெரியவளுக்கு மேகத்துல வேலை" என்று அம்மா தெருவில் சொல்லிவைத்ததில், பாதிப் பேர் நான் வானிலை அலுவலகத்தில் இருப்பதாகவே நம்புகிறார்கள். துணி காயப்போடும் முன் மழை வருமா என்று கேட்பார்கள். வரும் என்பேன். எப்போதாவது வந்தும்விடும்.

விஷயம் எளிதுதான். ஒரு தகவலை ஒரே கணினியில் வைத்தால், அது படுக்கும் நாளில் தகவலும் போச்சு. அதனால் மூன்று கணினிகளில் மூன்று பிரதிகள். மூன்றில் குறைந்தது இரண்டு "வாங்கிக்கொண்டேன்" என்று சொன்னால்தான் திரையில் "சேமிக்கப்பட்டது" என்று வரும். ஒன்று நின்றுபோனாலும் மற்ற இரண்டும் தாங்கும். நின்றது எழுந்து வந்ததும், யாரிடம் இருப்பது புதிய பிரதி என்று மூன்றும் பேசித் தீர்த்துக்கொள்ளும். இந்தக் கடைசிப் பேச்சில்தான் சண்டையே. அந்தச் சண்டையைத் தீர்த்துவைத்தே என் தலை நரைத்துவிட்டது.

பத்தொன்பது வருடங்களுக்கு முன், முனைவர் பட்டத்துக்காக நான் எழுதிய கட்டுரையில் ஒரு வாக்கியம் உண்டு. "சேமிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட எந்தப் பதிவும், மூன்றில் எந்தக் கணினி நின்றாலும், தொலையாது." என் பிழைப்பு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வேலை கிடைத்தது அதனால். ஆய்வகம் அமைந்தது அதனால். மூன்று கணினியில் தொடங்கியதை ஊர் ஊராக ஆயிரக்கணக்கான கணினிகளுக்கு விரித்தோம். ரயில் முன்பதிவு, நூலகம், மருத்துவமனை என்று போகாத இடமில்லை. கூட்டங்களில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் என் பெயரைத் தப்பாகச் சொன்னாலும் அந்த வாக்கியத்தைச் சரியாகச் சொல்வார்கள்.

தங்கையின் மருத்துவமனையிலும் எங்கள் மென்பொருள்தான். அது வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வார்டில் எல்லோரிடமும் "எங்கக்கா எழுதினது" என்று பீற்றிக்கொண்டாள்.

அந்த மாதம் பத்தாம் தேதி காலை ஒரு நோயாளியை அவள் வார்டில் சேர்த்தார்கள். ஒரு குறிப்பிட்ட ஊசி மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவர் இவளிடம் சொல்லியிருக்கிறார். இவள் அதைக் கணினியில் பதிந்தாள். "சேமிக்கப்பட்டது" என்று வந்ததையும் பார்த்தாள். மதியம் டாக்டர் அதே மருந்தை எழுதிவிட்டு, ஊசி போடுவதற்கு முன் நல்லவேளையாக நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார். அவர் பதறிப்போய்ச் சொல்ல, ஊசி நின்றது. நோயாளிக்கு ஒன்றுமில்லை. நாலாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். ஆனால் டாக்டர் கணினியைப் பார்த்தபோது ஒத்துக்கொள்ளாத மருந்துகளுக்கான இடம் வெறுமையாக இருந்தது.

ஒரு உயிர் போயிருக்கும். நர்ஸ் பதியவில்லை. விசாரணை.

அன்று சாயங்காலம் அவள் நேராக என்னிடம்தான் வந்தாள். சீருடைகூட மாற்றவில்லை.

"நான் எழுதினேன்க்கா."

நான் அப்போது என்ன கேட்டிருக்க வேண்டும்? சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கலாம். நான் கேட்டது இதை:

"சேவ் பட்டன அழுத்தினியா?"

"அழுத்தினேன். 'சேமிக்கப்பட்டது'ன்னு வந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

"வந்திருந்தா தொலையாதே. வேற யாரோட ஷீட்லயாவது மாத்திப் போட்டுட்டியோ என்னமோ. இருபது பேஷன்ட், தூக்கம் வேற இல்ல…"

"அக்கா, நான் எழுதினேன்."

"எழுதியிருந்தா இருக்கும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பதிலுக்கு நானும் முறைத்திருப்பேன். அவள் வெறுமனே பார்த்துவிட்டு, மேஜையில் வைத்த பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது.

மூன்று வாரம் கழித்து விசாரணைக் கடிதம் வந்தது. படிக்கட்டின் கீழே கிடந்ததை அம்மா எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் போட்டாள். வார்டுப் பொறுப்பாளர் பதவிக்குத் தங்கையின் பெயர் போயிருந்தது. அதை நிறுத்திவைத்திருந்தார்கள். வரும் புதன்கிழமை குழு முன் அவள் பதில் சொல்ல வேண்டும். கவனக்குறைவு உறுதியானால் வார்டு வேலையே கிடையாது. பதினேழு வருட வேலை. கடிதத்தின் மூன்றாம் பத்தியில், கணினியில் பிழை இருக்க வாய்ப்பில்லை என்பதற்கு ஆதாரமாக, மேற்கோள் குறிகளுக்குள் ஒரு வாக்கியம்: "சேமிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட எந்தப் பதிவும்…"

என் வாக்கியம். அடியில் என் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் சுத்தமாகப் போட்டிருந்தார்கள்.

"என்னடி போட்டிருக்கு?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா அவ மூணு வாரமா சரியா சாப்பிடல? மேல போ. போய்ப் பேசு. நீ பெரிய படிப்பு படிச்சவளா இருக்கலாம். அவ பொய் சொல்லமாட்டா. அது உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் பிரச்சினை. சின்ன வயதில் நான் உடைத்த கண்ணாடிக்குக்கூட அவள் பொய் சொல்லி என்னைக் காப்பாற்றியதில்லை. அவள் எழுதியது உண்மை என்றால் என் வாக்கியம் பொய். என் வாக்கியம் உண்மை என்றால் அவள் பொய். மூன்று வாரமாக நான் இதற்கு நடுவில் ஒரு சந்து தேடிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு சந்து இல்லை.

சனிக்கிழமை காலை மாடிக்குப் போனேன். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மகள் பாட்டு வகுப்புக்குப் போயிருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். உட்கார் என்று அவள் சொல்லவில்லை.

"கடிதம் பாத்தேன்" என்றேன்.

"நல்லா எழுதியிருக்கியே. மனப்பாடமாவே ஆயிடுச்சு எனக்கு."

"மூணு வாரமா எதுவும் விட்டுப்போச்சான்னு கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். நிரூபணத்துல தப்பில்ல. நானூறு தடவ சோதனை பண்ணியிருக்கோம். ஒவ்வொரு தடவையும் ப்ளக்கப் புடுங்கி…"

"யாரு புடுங்கினது?"

அவள்தான். நான் மறந்தே போயிருந்தேன். அப்போது அவள் நர்சிங் இரண்டாம் ஆண்டு. விடுமுறையில் சும்மா இருந்தவளை ஆய்வகத்துக்கு இழுத்துப்போய் ப்ளக் பிடுங்கும் வேலைக்கு வைத்தேன். மூன்று பழைய கணினிகள். மூத்தது, நடுவுலது, கடைக்குட்டி என்று அவள்தான் பெயர் வைத்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டு "மூத்தது!" என்று கத்துவேன். அவள் மூத்ததின் ப்ளக்கைச் சடக்கென்று பிடுங்குவாள். பதிவுகள் தப்பித்தனவா என்று நான் எண்ணுவேன். இருவருக்கும் அது பெரிய விளையாட்டாக இருந்தது.

"நீதான்" என்றேன். "மூணையும் மாத்தி மாத்தி…"

இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவைத்தாள்.

"மூணா? ரெண்டுதான்."

"என்ன ரெண்டு?"

"மூத்ததும் நடுவுலதும்தான். கடைக்குட்டியத் தொடாதேன்னு நீதான சொன்ன? அந்த ப்ளக் இருந்த போர்டுலதான் உங்க சாரோட ஃபேனும் இருந்துச்சு. போர்டே ஆட்டம் கண்டு கெடந்தது. கடைக்குட்டியப் புடுங்கினா ஃபேனும் நின்னுடும், சார் மூஞ்சி மாறிடும்னு சொன்ன. 'எல்லாம் ஒண்ணுதான், ரெண்டு புடுங்கினா மூணு புடுங்கின மாதிரி'ன்னு சொன்ன. எங்க வீட்டுலயும் கடைக்குட்டிக்கு இப்படி ஒரு சலுகை கெடச்சா நல்லாயிருக்குமேன்னு நான் சொன்னேன். நீ சிரிச்ச. ஞாபகமில்ல?"

ஞாபகம் வந்தது. அந்த மேஜை மின்விசிறியின் கீச்சுச் சத்தம் உட்பட வந்தது. அவள் உட்காரச் சொல்லாமலேயே கட்டிலில் உட்கார்ந்தேன். பத்தொன்பது வருடமாக உலகம் பூராவும் "எந்தக் கணினி நின்றாலும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள், ஒரு மின்விசிறிக்குப் பயந்து மூன்றாவதைத் தொட்டே பார்த்ததில்லை.

"நான் ஆபீஸ் போறேன்" என்று எழுந்தேன்.

"சனிக்கிழமையா?"

"சனிக்கிழமைதான்."

ஆய்வகத்தில் என்னுடன் வேலை செய்கிறவன் ஒருவன் இருந்தான். எதையும் நின்று செய்யமாட்டான் என்பதால் அவனுக்கு "அவசரம்" என்று பெயர். அவனும் நானும் மூன்று கணினிகளை வரிசையாக வைத்து, மருத்துவமனையில் ஓடும் அதே மென்பொருளை ஏற்றினோம். ஒரு பதிவை எழுதினேன். மூன்றாவதின் ப்ளக்கைப் பிடுங்கினேன். திரும்பச் சொருகினேன். பதிவு இருந்தது. இன்னொரு முறை. இருந்தது. பத்து முறை செய்தோம். பத்து முறையும் கல்லு மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா மேடம், நம்மது கெட்டி" என்றான் அவசரம்.

எனக்கு அழுகை வந்தது. என் வாழ்நாள் வேலை சரியாக இருக்கிறது என்பதற்காக ஒருத்தி அழுவாளா? அப்போதுதான் புரிந்தது, நான் யார் பக்கம் நிற்கிறேன் என்று. அது தப்பாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டிருந்தேன். அது தெரிந்ததும் நெஞ்சில் ஏதோ இளகிவிட்டது. அதன்பின் பயமில்லாமல் தேட முடிந்தது.

பழைய நிரலை முதல் வரியிலிருந்து படித்தேன். எங்கள் முறையில் எந்தப் பிரதி புதியது என்று முடிவு செய்யக் கடிகாரத்தை நம்பக்கூடாது. கணினிக் கடிகாரங்கள் கல்யாண வீட்டு ஆட்கள் மாதிரி, ஆளுக்கொரு நேரம் சொல்லும். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரிசை எண் கொடுப்போம். பெரிய எண் வைத்திருப்பதே புதியது. இதுதான் கட்டுரையின் உயிர். இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகள் தாண்டியபின், வரிகளுக்கு நடுவே இந்தக் குறிப்பைப் பார்த்தேன்:

"மூன்றாவது கணினியில் வட்டு நிரம்பிவிட்டது. எண்ணுக்குப் பதில் இப்போதைக்குக் கடிகாரத்தைப் பார்க்கட்டும். தற்காலிகம். திங்கட்கிழமை மாற்ற வேண்டும்."

கீழே என் பெயரின் முதலெழுத்து. பத்தொன்பது வருடங்களாக அந்தத் திங்கட்கிழமை வரவில்லை.

"ஐயோ" என்றான் அவசரம்.

மூன்றாவது கணினியின் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளிவைத்தேன். ஒரு நோயாளித் தாளை அதில் திறந்து பெயரை எழுதினேன். ப்ளக்கைப் பிடுங்கினேன். இப்போது மற்ற இரண்டிலும் அதே தாளில் "இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது" என்று எழுதினேன். "சேமிக்கப்பட்டது" என்று வந்தது. ப்ளக்கைச் சொருகினேன். கடைக்குட்டி எழுந்து வந்தது. கையில் பழைய தாள், அதன் மேல் வேகமாக ஓடும் கடிகாரத்தின் நேரம். என்னுடையதே புதியது என்று சாதித்தது. மற்ற இரண்டும் நம்பிவிட்டன.

மருந்து வரி போய்விட்டது. வெற்றிடம்.

நான் சிரித்தேன். விழுந்து விழுந்து சிரித்தேன். அவசரம் தண்ணீர் கொண்டுவர ஓடினான். கடிகாரம் கெட்டிருக்க வேண்டும், மூன்றாவதுதான் நிற்க வேண்டும், நிற்பதற்குச் சற்று முன் அதே தாளில் கை வைத்திருக்க வேண்டும். இவ்வளவும் ஒன்றுகூடி வர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. வந்ததும் நேராக என் வீட்டு மாடியில் இறங்கியிருக்கிறது.

"மேடம், இது ஒரு வரிதான்" என்றான் அவசரம் தண்ணீரை நீட்டியபடி. "நாமளே சத்தமில்லாம மாத்தி, அடுத்த அப்டேட்ல சேத்து அனுப்பிடலாம். ஒருத்தருக்கும் தெரியாது."

"ஒருத்திக்குத் தெரியணும்" என்றேன். "அவளோட வார்டுல எல்லாருக்கும் தெரியணும். அப்புறம் இத வச்சிருக்கிற எல்லா ஊருக்கும். இன்னிக்கே."

அடுத்த வேலை இன்னும் முக்கியம். ஆய்வகத்தில் தொலைந்தால் போதாது, மருத்துவமனையிலும் அப்படித்தான் தொலைந்தது என்று காட்ட வேண்டும். எதையும் மாற்றும் முன் ஒவ்வொரு கணினியும் தனக்குள் ஒரு நாட்குறிப்பு எழுதிக்கொள்ளும். தரவுத்தளத்தையே சந்தேகப்படுகிறவர்கள்தான் அதைப் பிரித்துப் பார்ப்பார்கள். என் வாக்கியத்தைப் படித்தபின் யாரும் சந்தேகப்படவில்லை. முப்பது நாள் ஆனால் அது தானாக அழிந்துவிடும். அன்றைக்கு இருபத்தாறாம் நாள்.

திங்கட்கிழமை காலை மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த பொறியாளர் நாட்குறிப்பைத் திறந்து பத்தாம் தேதிக்கு இறங்கினார். ஒன்பது முப்பத்தொன்பதுக்கு மூன்றாவது கணினி நின்றிருந்தது. அன்று அந்த அறையில் மின்வேலை நடந்ததாம். ஒன்பது ஐம்பதுக்குத் திரும்பி வந்திருந்தது. இடையில், ஒன்பது நாற்பத்திரண்டுக்கு, தங்கையின் அடையாள எண், நோயாளியின் எண், மருந்தின் பெயர். எதிரில் "சேமிக்கப்பட்டது".

பொறியாளர் திரும்பி என்னைப் பார்த்தார். "அப்ப சிஸ்டர் எழுதியிருக்காங்க."

"எழுதியிருக்கா" என்றேன். அப்படியே அந்தச் சுழல் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன்.

புதன்கிழமை குழு முன் தங்கையோடு நானும் உட்கார்ந்தேன். கடிதத்தின் மூன்றாம் பத்தியிலிருக்கும் வாக்கியம் தப்பு, எழுதியவளே சொல்கிறேன் என்றேன். நர்சிங் கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அக்கா என்றதும் குழுவில் ஒருவர் முகம் சுளித்தார். நான் நாட்குறிப்பை நீட்டினேன். அதற்கு அக்காவுமில்லை, தங்கையுமில்லை. இருபது நிமிடத்தில் விசாரணை முடிந்தது. பதவிக்கான தடையை எடுத்துவிடுவதாக அங்கேயே எழுதிக் கொடுத்தார்கள்.

வெளியே வராந்தாவில், பேச்சு நின்றபின் முதல்முறையாகத் தங்கை என் கையைப் பிடித்தாள்.

"உன் பேரு என்னக்கா ஆகும்?"

"கொஞ்ச நாளைக்குக் கிழிப்பாங்க. திருத்தம் எழுதி அனுப்பிட்டேன். நிரூபணம் சரிதான், நிரல்ல வேற ஒண்ணு எழுதி வச்சிருக்கேன். அவ்வளவுதான்."

"பயமாயில்ல?"

"நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினேன்டி" என்றேன். அது உண்மை.

முனைவர் பட்டத்துக்கு என்னை வழிநடத்திய பேராசிரியருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது. ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார். போனில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நானூறு தடவைல ஒரு தடவகூடவா மூணாவதப் புடுங்கல?"

"உங்க ஃபேன் நின்னுடும்னு சார்."

"அடக் கடவுளே. எங்கிட்ட சொல்லியிருந்தா கொஞ்ச நேரம் வேர்த்துக்கிட்டு உக்காந்திருப்பேனேம்மா!" என்றார். பிறகு அவரே சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை, திருத்திய மென்பொருளைச் சோதிக்கத் தங்கையை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன். அவளாகத்தான் கேட்டாள். சீருடையில் வேலைக்குப் போகிறவள் மாதிரி தலையை இறுக்க வாரிக்கொண்டு வந்தாள். மூன்றாவதின் கடிகாரத்தை நான் பத்து நிமிடம் தள்ளிவைத்தேன். தாளைத் திறந்து அதில் கை வைத்தேன். "கடைக்குட்டி!" என்று கத்தினேன். அவள் குனிந்து சடக்கென்று பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் போர்டே கையோடு வந்தது.

"இப்ப நீ எழுது" என்றேன்.

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் பார்க்கக்கூடாது என்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு தட்டினாள். "சேமிக்கப்பட்டது" என்று வந்தது. ப்ளக்கைச் சொருகினாள். கடைக்குட்டி மெல்ல எழுந்தது. மூன்றும் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக இருவரும் காத்திருந்தோம்.

மூன்று திரைகளிலும் ஒரே வரி வந்தது. *நான் எழுதினேன்.*

நான் அதைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

"ஆமாண்டி" என்றேன். "எழுதியிருக்க."

அவள் ப்ளக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ புடுங்கட்டுமா?"

"புடுங்கு" என்றேன்.